முள் ஆடுதா பாரு

வண்டி வழியில நிக்கிறதைக் கூடப் பொறுத்துக்கலாம்ங்க. நின்ன வண்டி கால் மணி நேரம் கழிச்சு, ஒண்ணுமே தெரியாத பச்சப்புள்ள மாதிரி ஒரே கிக்குல ஸ்டார்ட் ஆகுது பாருங்க... அதைத்தான் தாங்க முடியல.

மாசிக் கடைசியில ஆரம்பிச்ச கூத்து, அக்கினி நட்சத்திரத்துலதான் முடிஞ்சுது. இடையில ஒரு புது காயில், ஒரு கார்ப்பரேட்டர் சர்வீஸ், டேங்க் மூடியில தேவையில்லாம ஒரு ஓட்டை, ரெண்டு சட்டையில ஆயில் கறை, வீட்டுல இருந்த கொஞ்ச நஞ்ச மரியாதை. எல்லாம் போனதுக்கு அப்புறம் ஆளைப் பிடிச்சுப் பார்த்தா, சுண்டுவிரல் அளவு கூட இல்ல.

(யாருன்னு சொல்றேன். நான் அத்தனை நாள் தவிச்சேன்ல, நீங்களும் கொஞ்சம் தவிங்க.)

மொதல்ல வண்டி. அப்பாவோட புல்லட், 350. திருவொற்றியூர்ல செஞ்சது. எனக்கும் அதுக்கும் வயசுல பெரிய வித்தியாசம் கிடையாது. வலது காலுக்கு கியர், இடது காலுக்கு பிரேக். புது ஆளு எவனாவது "ஒரு ரவுண்டு குடு மாப்ள"ன்னு கேட்டா குடுக்க மாட்டேன். கஞ்சத்தனம் இல்லைங்க. பிரேக்னு நினைச்சு கியரை மிதிச்சு, நேரா டீக்கடை பெஞ்சுல போயி உக்காந்துருவான். ஏற்கெனவே ஒருத்தன் உக்காந்திருக்கான்.

ஹெட்லைட் தலைக்கு மேல ஸ்பீடாமீட்டர். அதுகூட ஒரு சின்ன வட்டம், ஆம்பியர் மீட்டர். ஒரு பக்கம் பிளஸ், ஒரு பக்கம் மைனஸ், நடுவுல ஒரு முள்ளு.

இந்த முள்ளை நீங்க ஞாபகம் வச்சுக்கங்க. நான் வச்சுக்கல. அதனாலதான் இப்ப உக்காந்து இதை எழுதிக்கிட்டிருக்கேன்.

புல்லட்டை ஸ்டார்ட் பண்றதுக்கு அப்பா சொல்லிக்கொடுத்தது ஒரு பூசை மாதிரி. சாவியைப் போடு. கிக்கரைப் பைய அமுக்கு. முள்ளு மைனஸ் பக்கம் போகும், திரும்ப நடுவுக்கு வரும், மறுபடி போகும். இதைத்தான் "முள் ஆடுது"ம்பாரு. கிக்கர் இறுகி நிக்கிற எடத்துல, முள்ளு நடுவுல இருக்கணும். டிகம்ப்ரஸரைப் பிடிச்சு, இன்னும் ஒரு நூல் தள்ளி விடு. கிக்கரை மேல விட்டுட்டு, இப்ப ஒரே மிதி. கோபமா மிதிக்கக்கூடாது. கோபமா மிதிச்சா அதுவும் கோபமாத் திருப்பி மிதிக்கும். (என் கெண்டைக்கால்ல ஒரு தழும்பு இருக்கு. காலேஜ் ரெண்டாம் வருஷம். அதோட வரலாறு வேற ஒரு நாள்.)

அப்பாவுக்கு இப்ப முட்டி தேஞ்சு போச்சு. மிதிக்கிறதில்ல. வாசல்ல சேரைப் போட்டு உக்காந்து, நான் மிதிக்கிறதைப் பார்த்து மார்க் போடுறது மட்டும்தான் வேலை.

மார்கழியில காலைப் பொழுதுல வண்டி கொஞ்சம் அடம் பிடிச்சுது. ஆறேழு மிதி கேட்டுச்சு. பிளக்கைக் கழட்டினா அடுப்புக்கரி. காயில்ல ஓடுற கரண்ட்டை அறுத்து விடுற பாயிண்ட்டோட மூடியைத் திறந்தா, ஒரு பக்கம் குழி, எதிர்ப்பக்கம் மேடு. நாள்பட்ட பாயிண்ட்டுக்கு இது சகஜம். உப்புத்தாளை மடிச்சு நாலு இழுப்பு இழுத்து, ஃபீலர் கேஜ் வச்சு 0.35ல இருந்து 0.40 மில்லிமீட்டருக்குள்ள இடைவெளி வச்சா தீந்துச்சு வேலை. கேஜ் இல்லாட்டி கெட்டியான விசிட்டிங் கார்டு ஒண்ணு, கிட்டத்தட்ட அதே தடிமன்தான். அரை மணி நேரம் கூட ஆகாது.

ஆனா நான் என்ன பண்ணினேன்?

"பழசுதானே, மொத்தமா மாத்திருவோம்."

இந்த ஒரு வாக்கியத்தை எங்கயாவது கல்வெட்டுல வெட்டி வைக்கணும். பாயிண்ட் செட்டு, கண்டன்சர், பிளக், பிளக் கேப் நாலையும் டவுனுக்குப் போயி வாங்கிட்டு வந்தேன். பளபளன்னு அட்டை. அட்டையில அச்சடிச்சிருந்த கம்பெனி பேரு, நமக்குத் தெரிஞ்ச ஒரு பேரோட ஒண்ணுவிட்ட தம்பி மாதிரி இருந்துச்சு. விலையும் தம்பி விலைதான். அங்கயே எனக்கு உறைச்சிருக்கணும்.

நானே மாட்டினேன். மொத மிதி. டப் டப் டப் டப்.

அப்ப பார்த்துப் பொங்கலும் வந்துச்சு. தை ஒண்ணு எங்க மதுரை அவனியாபுரத்துல ஜல்லிக்கட்டுன்னா உங்களுக்கே தெரியும். ரோட்டை அடைச்சு ரெண்டு பக்கமும் கம்புத் தடுப்பு, கீழே தேங்காய் நார், வீட்டுக்கு வீடு மொட்டை மாடியில சொந்தக்காரங்க கூட்டம். மறுநாள் பாலமேடு, அதுக்கு மறுநாள் அலங்காநல்லூர்னு மூணு நாளும் எங்க வீடு சத்திரம்தான். வந்த சனம் அத்தனைக்கும் முன்னாடி ஒரே கிக்குல ஸ்டார்ட் பண்ணிக் காமிச்சேன். "எல்லாம் நானே பார்த்தேன், மெக்கானிக்கெல்லாம் கிடையாது"ன்னு வேற. மச்சான் வாயைப் பொளந்துட்டு நின்னான். காளையை அடக்குனவனுக்குக் கூட அன்னைக்கு அவ்வளவு திமிரு இருந்திருக்காது.

தை மாசக் குளிர் காத்துல வண்டி தேர் மாதிரி போச்சு. இதையும் ஒரு ஓரமாக் குறிச்சு வச்சுக்கங்க.

மாசிக் கடைசியில அருப்புக்கோட்டைக்கு ஒரு சோலி. பெருங்குடி தாண்டி, நாலுவழிச் சாலையில ஏறி, வலையங்குளத்தை நெருங்குறப்ப ஒரு இருமல். ரெண்டு இருமல். அப்புறம் கப்சிப். உருட்டிக்கிட்டுப் போயி ஒரு டீக்கடை வாசல்ல நிறுத்தினேன். மிதிச்சேன், மிதிச்சேன், சட்டை தொப்பலா நனையிற வரைக்கும் மிதிச்சேன். டீக்கடைக்காரர் ஒரு சொம்பு தண்ணி கொண்டாந்து குடுத்தார், எனக்கு. ஒரு டீ குடிச்சு, செய்தித்தாள்ல ராசிபலன் வரைக்கும் படிச்சுட்டு மறுபடி மிதிச்சேன்.

டப் டப் டப் டப்.

வீட்டுக்கு வந்து கதையைச் சொன்னதும் அப்பா கேட்ட மொத கேள்வி: "முள் ஆடுச்சாய்யா?"

"ஆடுச்சுப்பா."

பொய். நான் பார்க்கவே இல்ல. நடுரோட்டுல வேர்த்து விறுவிறுத்து நிக்கிறவன் முள்ளைப் பார்ப்பானா, வேடிக்கை பார்க்கிறவங்க மூஞ்சியைப் பார்ப்பானா? ஆனா அந்த ஒரு பொய்தான் என்னை ரெண்டு மாசம் ஊர் சுத்த விட்டுச்சு.

முள் ஆடுச்சுன்னா பாயிண்ட்டு வரைக்கும் கரண்ட் ஒழுங்கா இருக்குன்னு அர்த்தம். அப்படின்னா பெட்ரோலைப் பாருன்னாரு அப்பா. அவர் கணக்கு சரி. நான் குடுத்த விடைதான் தப்பு.

பெட்ரோலைப் பார்த்தேன். இருபது நிமிஷம் ஓடி நிக்குது, கொஞ்சம் பொறுத்தா ஓடுதுன்னா, அதுக்குன்னே ஒரு பழைய குற்றவாளி இருக்கான். டேங்க் மூடியில இருக்கிற காத்து ஓட்டை. அது அடைச்சுக்கிட்டா, பெட்ரோல் இறங்க இறங்க டேங்க்குக்குள்ள காத்து போக வழியில்லாம, ஒரு கட்டத்துல பெட்ரோல் இறங்குறது நின்னுரும். மூடியைத் திறந்தா உஸ்ஸுன்னு சத்தம் வரும், வண்டி ஓடும். அடுத்த தடவை நின்னப்ப மூடியைத் திறந்தேன். உஸ்ஸு கேட்ட மாதிரியே இருந்துச்சு. (பக்கத்துல ஒரு லாரிக்காரர் ஏர் பிரேக் விட்டிருக்கலாம்.) கொஞ்ச நேரம் ஊதி, துடைச்சு, மூடி, மிதிச்சா ஸ்டார்ட்! பிடிச்சுட்டேன்டா ஆளைன்னு வீட்டுக்கு வந்து டிரில் மிஷினை எடுத்து மூடியில ஒரு ஓட்டை போட்டேன்.

ஊதித் துடைச்ச அந்தக் கால் மணி நேரத்துல எஞ்சின் ஆறிப்போச்சு, ஓடுனதுக்குக் காரணம் அதுதான்னு அப்பத் தோணல. ரெண்டு நாள் கழிச்சு மறுபடி வலையங்குளத்துல நின்னப்பத்தான் தோணுச்சு. இப்ப பிரேக் போட்டா பெட்ரோல் தொடையில தெறிக்குது, அது ஒண்ணுதான் மிச்சம்.

அடுத்து வில்லாபுரத்துல மெக்கானிக் அண்ணன். முப்பது வருஷமா புல்லட் பார்க்கிறவரு. பிளக்னு சொல்ல மாட்டாரு, மைக்கோன்னுதான் சொல்லுவாரு. அந்தக் கம்பெனி 2008லயே பாஷ்னு பேரை மாத்திருச்சுண்ணேன்னா, "பேரை மாத்துனா பிள்ளை மாறிருமா"ம்பாரு. அவர் கடை எங்க வீட்டுல இருந்து எட்டு நிமிஷம். எட்டு நிமிஷத்துல வண்டிக்கு எங்க சூடு ஏறும்? மிதிச்சாரு, ஒரே கிக்கு. காதை வச்சுக் கேட்டாரு. "தம்பி, வண்டி நல்லாத்தான இருக்கு?"

பல்லு வலின்னு ராத்திரி பூரா துடிச்சுட்டு காலையில டாக்டர் முன்னாடி போயி வாயைத் திறந்தா வலி காணாமப் போகும்ல. அதே கதை. வந்ததுக்குக் கார்ப்பரேட்டரைக் கழட்டிக் கழுவிக் குடுத்தாரு. அவரைக் குத்தம் சொல்ல மாட்டேன். எங்கிட்டதான் குத்தம். "சூடானா நிக்குதுண்ணே"ன்னு சொல்லாம "அடிக்கடி நிக்குதுண்ணே"ன்னு சொன்னேன். ரெண்டுக்கும் நடுவுல எவ்வளவு பணம் இருக்குன்னு இப்பத்தான் தெரியுது.

பங்குனி வெயில் ஏற ஏற வண்டி நிக்கிற எடம் மதுரையை நோக்கி நகர ஆரம்பிச்சுது. மொதல்ல வலையங்குளம். அப்புறம் பெருங்குடிக்கும் வலையங்குளத்துக்கும் நடுவுல. ஒரு நாள் ஏர்போர்ட் முக்குலயே நின்னுச்சு. தலைக்கு மேல விமானம் இறங்குது, கீழே நான் புல்லட்டைத் தள்ளிக்கிட்டுப் போறேன். ஆட்டோவுல போன ஒரு சின்னப்பய என்னைப் பார்த்து டாட்டா காமிச்சான்.

இந்த நேரத்துலதான் ஆலோசகர்கள் பெருகினாங்க. தமிழ்நாட்டுல ஒருத்தன் புல்லட் பக்கத்துல குத்தவச்சு உக்காந்தான்னா, போற வர்ற எல்லாருக்கும் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் வந்துரும். "ரிங் போயிருக்கும்." "ஆயில் மாத்துனீங்களா?" "பெட்ரோல்ல தண்ணி." ஒரு தம்பி சொன்னான், "பேசாம எலெக்ட்ரானிக் மாத்துங்க ப்ரோ, பாயிண்ட்டெல்லாம் யாரு வச்சிருக்கா." அது தப்பான யோசனை இல்லைங்க. பாயிண்ட்டை எடுத்துட்டு எலெக்ட்ரானிக் போட்டு நிம்மதியா ஓட்டுறவங்க நிறைய பேர் இருக்காங்க. ஆனா எதனால நிக்குதுன்னு தெரியாமலே பிரச்சினையைத் தாண்டிப் போக எனக்கு மனசு வரல. வீம்புன்னு வச்சுக்கங்க.

ஒரு பெரியவர் மட்டும், "காயில் சூடானா இப்படித்தான் பண்ணும்"னாரு. இதுல நியாயம் இருந்துச்சு. காயிலுக்குள்ள முடி மாதிரி கம்பி ஆயிரக்கணக்கான சுத்து சுத்தியிருக்கும். எங்கயாவது விட்டிருந்தா, சூட்டுல விரிஞ்சு பிரியும், ஆறுனா ஒட்டிக்கும். சரின்னு புது காயில், இந்தத் தடவை அண்ணன் விலையிலயே வாங்கி மாட்டினேன்.

நாலாவது நாள் வலையங்குளம். அதே டீக்கடை. இப்பெல்லாம் நான் போறதுக்கு முன்னாடியே தண்ணிச் சொம்பு ரெடியா இருக்கும். ஆத்திரத்துல, பெட்டியில இருந்து ஒரு சில்லுன்னு பொவண்டோ பாட்டிலை எடுத்து அந்தப் புது காயில் மேல ஒட்ட வச்சு அஞ்சு நிமிஷம் பிடிச்சேன். சூட்டுனால காயில்தான் மக்கர் பண்ணுதுன்னா, குளிர்ந்ததும் வரணுமே? வரல. காயில் நிரபராதி. (பொவண்டோ சூடாயிருச்சு. காசு குடுத்தாச்சேன்னு குடிச்சேன்.) பாட்டில் சோதனையைக் காயில் வாங்குறதுக்கு முன்னாடி பண்ணியிருக்கணும்னு நீங்க சொல்றது எனக்குக் கேக்குது.

அன்னைக்கு ராத்திரி அப்பா மறுபடியும், "முள் ஆடுச்சா?"

உண்மையைச் சொல்லிட்டேன். "பார்க்கலப்பா. ஒரு தடவை கூடப் பார்க்கல."

ஒண்ணும் சொல்லல. மூக்குக் கண்ணாடியைக் கழட்டி வேட்டியில துடைச்சாரு. அவ்வளவுதான். திட்டியிருந்தாக் கூடப் பரவாயில்ல.

அப்புறம் மெதுவாச் சொன்னாரு: "சாகுறப்ப பாருய்யா. உயிரோட இருக்கிறப்ப பார்த்தா என்ன தெரியும்?"

அப்பத்தான் எனக்குப் பொறி தட்டுச்சு. (வண்டிக்குத்தான் தட்டல.) பொறிக்கும் பாயிண்ட்டுக்கும் நான் செஞ்ச சோதனை அத்தனையும் காலையில, வீட்டு வாசல்ல, குளிர்ந்த வண்டியில. பொறி பார்த்தேன், நீலமா சொடக்குப் போட்ட மாதிரி வந்துச்சு. பாயிண்ட் பார்த்தேன், சரியா இருந்துச்சு. நோயே இல்லாத நேரத்துல நாடி பிடிச்சிருக்கேன்.

சரி, சாகடிப்போம்.

அக்கினி நட்சத்திரம் ஆரம்பிச்ச வாரம், ஞாயித்துக்கிழமை, மத்தியானம் பன்னெண்டரை. பிளக் ஸ்பேனர், ஸ்க்ரூ டிரைவர், கட்டிங் பிளேயர், ஒரு முழம் வயர், ரெண்டு பாட்டில் தண்ணி, தலையில துண்டு. "எங்க போறீங்க?"ன்னா வீட்டம்மா. "வண்டியை நிப்பாட்ட"ன்னேன். அவ அதுக்கப்புறம் எதுவும் கேக்கல.

பெருங்குடி தாண்டி நல்லா முறுக்கிப் பிடிச்சேன். வழக்கம் போல ஒரு இருமல், ரெண்டு இருமல். வாழ்க்கையிலயே மொதத் தடவையா வண்டி நின்னதுக்குச் சந்தோஷப்பட்டேன். வேப்ப மரத்தடிக்கு உருட்டிட்டுப் போனேன்.

இப்ப பாருங்க, ஒண்ணொண்ணா.

பிளக்கைக் கழட்டினேன். நனைஞ்சிருக்கு, பெட்ரோல் வாசம். ஆக பெட்ரோல் உள்ள வருது, எரியத்தான் இல்ல. இதை மொத நாளே பார்த்திருந்தா டேங்க் மூடி பிழைச்சிருக்கும். பிளக்கைக் கேப்புல மாட்டி, வெளியில வழிஞ்ச பெட்ரோலையெல்லாம் துடைச்சுட்டு (இது முக்கியம், பொறி பார்க்கப் போயி வண்டியையே கொளுத்துனவங்க இருக்காங்க), ஓட்டையில இருந்து தள்ளி, எஞ்சின் றெக்கையில படுக்க வச்சு மிதிச்சேன். பொறி இல்ல. நீலம், மஞ்சள் எதுவுமில்ல.

அடுத்து முள்.

லைட் ஆஃப். சாவி ஆன். முள்ளு மைனஸ்ல. கிக்கரைப் பைய அமுக்கினேன். மைனஸ். இன்னும் அமுக்கினேன். மைனஸ். ரெண்டு முழு சுத்து. முள்ளு ஆணி அடிச்ச மாதிரி மைனஸ்லயே நிக்குது.

ஆடல.

முள்ளு நடுவுக்கு வரலைன்னா கரண்ட் அறுபடலைன்னு அர்த்தம். பாயிண்ட் திறக்கவே இல்லையா? மூடியைக் கழட்டிப் பார்த்தா அழகாத் திறக்குது, மூடுது. சட்டைப் பையில இருந்த பஸ் டிக்கெட்டை நாலா மடிச்சு பாயிண்ட்டு நடுவுல சொருகினேன். இப்ப ரெண்டு முனையும் தொடவே தொடாது. முள்ளைப் பார்த்தா அப்பவும் மைனஸ்ல! கேட்டு பூட்டியிருக்கு, ஆனா ஆளுங்க போய்க்கிட்டே இருக்காங்க. அப்படின்னா சுவர்ல எங்கயோ ஓட்டை. பாயிண்ட்டுக்குப் பக்கத்துல, பாடிக்குப் போக இருக்கிற இன்னொரு பாதை ஒண்ணே ஒண்ணுதான்.

கண்டன்சர் வயரைக் கழட்டினேன்.

முள்ளு டக்குன்னு நடுவுக்கு வந்து உக்காந்துச்சு.

நடுரோடு, உச்சி வெயில், நான் ஒருத்தன் மட்டும் வேப்ப மரத்தடியில நின்னு கை தட்டிக்கிட்டிருக்கேன். ஆடு மேய்ச்சுக்கிட்டிருந்த அம்மா ஆடுகளை அந்தப் பக்கம் ஓட்டிக்கிட்டுப் போயிட்டாங்க.

இந்தக் கண்டன்சருக்கு அங்க என்ன வேலைன்னு கேட்டீங்கன்னா, அவனியாபுரத்துல இருந்து பெரியார் பஸ் ஸ்டாண்டு போற மினி பஸ்ஸை நினைச்சுக்கங்க. டிரைவர் சடார்னு பிரேக் போட்டா நின்னுக்கிட்டு வர்ற கூட்டம் பூரா முன்னாடி போயி விழும்ல? காயில்ல ஓடுற கரண்ட்டும் அப்படித்தான். பாயிண்ட் திறந்தா நிக்கணும், ஆனா நிக்க மனசு வராது. அந்த இடுக்கைத் தாண்டிக் குதிக்கப் பார்க்கும். குதிச்சா பாயிண்ட்டும் கருகும், கரண்ட்டும் பைய்யப் பைய்ய அறும். பைய்ய அறுந்தா வேலைக்காகாது. பட்டுன்னு அறுந்தாத்தான் காயிலோட இன்னொரு சுத்துல பத்தாயிரம் வோல்ட்டுக்கு மேல கிளம்பி, பிளக்குல இருக்கிற அரை மில்லிமீட்டரைத் தாண்டும். எஞ்சின் நிமிஷத்துக்கு 3000 சுத்து சுத்துதுன்னா, ரெண்டு சுத்துக்கு ஒரு பொறி, ஆக நிமிஷத்துக்கு 1500 தடவை இந்தக் கூத்து நடக்கணும். ஒவ்வொரு தடவையும் முன்னாடி விழ வர்ற கரண்ட்டை நெஞ்சைக் குடுத்துத் தாங்கிப் பிடிக்கிற ஆளுதான் கண்டன்சர். உள்ள ஒண்ணும் பெருசா கிடையாது. ரெண்டு அலுமினியத் தாளு, நடுவுல மெழுகுக் காகிதமோ பிளாஸ்டிக்கோ, பாய் சுருட்டுற மாதிரி சுருட்டி ஒரு தகர டப்பியில அடைச்சது.

நம்ம "தம்பி" கண்டன்சர்ல நடுவுல இருந்த அந்தத் தாளு சூடானா கைவிட்டுருது. ரெண்டு அலுமினியமும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி, கரண்ட்டை நேராப் பாடிக்கு அனுப்பிருது. ஆறுனா விலகிக்கிது. தை மாசம் ஒழுங்கா ஓடுனதும், வெயில் ஏற ஏற மதுரைப் பக்கமா நகர்ந்து வந்ததும் இதனாலதான்.

(இந்தப் பேட்டரி, காயில், பாயிண்ட் ஏற்பாட்டைக் கார்ல பரப்புனது அமெரிக்காவுல கெட்டரிங்னு ஒருத்தர். அதே ஆளுதான் 1912 காடிலாக் காருக்கு செல்ஃப் ஸ்டார்ட்டரும் செஞ்சு குடுத்தாரு. அவரோட பாயிண்ட் மட்டும் எங்கப்பா வண்டி வரைக்கும் வந்து சேந்துச்சு, செல்ஃப் ஸ்டார்ட்டர் வரல பாருங்க. என் முட்டியும் சீக்கிரம் தேஞ்சுரும்.)

ஆளைப் பிடிச்சாச்சு. வீட்டுக்கு எப்படிப் போறது?

கண்டன்சர் இல்லாமலே ஓட்டிப் பார்த்தேன். முள்ளு ஜோரா ஆடுது, பிளக்குல பொறியும் வருது, ஆனா சோகை பிடிச்ச மஞ்சள் பொறி. பாயிண்ட்டுக்குள்ள தீபாவளி. இருபது மிதியில பட்டாசு மாதிரி வெடிச்சு ஸ்டார்ட் ஆச்சு, நூறு அடி போச்சு, நின்னுச்சு. அப்புறம் வேற வழியில்லாம, கைக்குட்டையை நனைச்சு கண்டன்சரைச் சுத்தி ஆற வச்சு, திரும்ப அதே வயரை மாட்டி, அவனையே நம்பி வந்தேன். திருடனைப் பிடிச்சு, ஸ்டேஷனுக்கு வழி தெரியாம, அவனையே வண்டி ஓட்டச் சொல்லிப் பின்னாடி உக்காந்து வந்த மாதிரி. நடுவுல ரெண்டு தடவை நிறுத்தித் தண்ணி காமிச்சேன்.

வீட்டுக்கு வந்தும் மனசு அடங்கல. மல்ட்டிமீட்டரை எடுத்தேன். ஆறிப்போன கண்டன்சர்ல வச்சா மீட்டர் அமைதியா இருக்கு, யோக்கியன். அடுப்படிக்குப் போயி, தோசைக்கல்லை லேசா சூடாக்கி, ஒரு துணியை மடிச்சுப் போட்டு அதும்மேல கண்டன்சரை உருட்டினேன். ஒரு ரெண்டு நிமிஷம். மீட்டர் குச்சியை வச்சேன்.

பீ....ப்.

ஆற விட்டேன். சத்தம் நின்னுச்சு. மறுபடி கல்லு. பீ....ப். பதினஞ்சு தடவையாவது பண்ணியிருப்பேன், அவ்வளவு ஆனந்தம். வீட்டம்மா வாசப்படியில நின்னு பார்த்துட்டு, "ராத்திரிக்கு அதையே சுட்டுச் சாப்பிட்டுக்கங்க"ன்னு சொல்லிட்டுப் போயிட்டா. தோசைக்கல்லுக்கு இன்னைக்கு வரைக்கும் மன்னிப்புக் கிடைக்கல.

மறுநாள் வில்லாபுரம். மெக்கானிக் அண்ணன்கிட்ட முழுக் கதையும் சொன்னேன், முள்ளுல இருந்து தோசைக்கல்லு வரைக்கும். எல்லாத்தையும் பொறுமையாக் கேட்டுட்டு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு.

"பழைய கண்டன்சரை எதுக்குத் தம்பி கழட்டுனீங்க?"

பதில் இல்ல. மார்கழியில வண்டிக்கு இருந்தது பாயிண்ட் கோளாறு. கண்டன்சர் தேமேன்னு தன் வேலையைப் பார்த்துக்கிட்டிருந்துச்சு. சும்மா இருந்தவனை வேலையை விட்டுத் தூக்கிட்டு, பளபளன்னு சட்டை போட்டு வந்தவனைச் சேர்த்தது நான்தான்.

"அதை எங்க போட்டீங்க?"

குப்பையில போட்டதா ஞாபகம். வீட்டுக்கு வந்து சொன்னா, அப்பா எந்திரிச்சு பைய நடந்து போயி, தன்னோட பல்பொடி டப்பாவை எடுத்துட்டு வந்து சேர் மேல கவுத்தாரு. தேஞ்ச ஆணி, ரெண்டு வாஷர், செல்லாத நாலணா, ஒரு பழைய பாயிண்ட் செட்டு, அதோட அந்தக் கண்டன்சர். நான் குப்பைக்கூடையில போட்ட அன்னைக்கே எடுத்து வச்சிருக்காரு. ஏன்ப்பா அப்பவே சொல்லலைன்னேன். "நீ முள் ஆடுதுன்னு சொன்னியே"ன்னாரு.

தோசைக்கல்லு மறுபடி அடுப்புல ஏறுச்சு. (வீட்டம்மா கோயிலுக்குப் போயிருந்த நேரம்.) பழைய கண்டன்சர் அஞ்சு நிமிஷம் வறுபட்டும் மீட்டர் வாயே திறக்கல. மாட்டினேன். மெக்கானிக் அண்ணன் ஒரு பழைய கார் கண்டன்சரைக் குடுத்து, "இதை டூல்ஸ் டப்பாவுல போட்டு வைங்க, வழியில ஏதும்னா வயரை மட்டும் மாத்திக் குடுத்து எங்கயாவது இறுக்கிக் கட்டுங்க, ஓடும்"னாரு. வேலை ஒண்ணுதான், அளவும் ஏறக்குறைய ஒண்ணுதான், கால் மைக்ரோ ஃபாரட்டுக்குக் கிட்ட. டப்பி பாடியில பட்டாப் போதும், பாயிண்ட்டு பக்கத்துலயே இருக்கணும்னு இல்ல.

போன வாரம் அருப்புக்கோட்டை போயிட்டு வந்தேன். போக, வர ரெண்டு பக்கமும் உச்சி வெயில். சிக்னல்ல நிக்கிறப்பெல்லாம் முள்ளு துடிக்கிறதையே பார்த்துக்கிட்டிருந்தேன், பின்னாடி இருந்த கார்க்காரர் ஹாரன் அடிக்கிற வரைக்கும்.

திரும்பி வர்றப்ப வலையங்குளத்துல டீக்கடை. வண்டியை ஓரங்கட்டி ஸ்டாண்டு போட்டேன். டீக்கடைக்காரர் என்னைப் பார்த்ததும் எந்திரிச்சு, பழக்க தோசத்துல சொம்பை எடுத்துட்டு ஓடி வந்தாரு.

"என்ன தம்பி, நின்னுருச்சா?"

"இல்லண்ணே. நானா நிப்பாட்டிருக்கேன். ஒரு டீ போடுங்க."